அண்ணியின் தராசு

எங்கள் அண்ணியோடு எங்கேயாவது பயணம் கிளம்புவது என்றால் முந்தின நாளே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். பெட்டியை அமுக்கி, மேலே ஏறி உட்கார்ந்து, ஒருவழியாகப் பூட்டி வாசலில் கொண்டுவந்து வைத்த பிறகு, கையில் கொக்கித் தராசோடு வந்து நிற்பார். பெட்டியை மாட்டித் தூக்குவார்.

"பதினாலு கிலோ. நாலு நாளைக்கு எதுக்கு வாலு பதினாலு கிலோ?"

வாலு என்பது நான்தான். அடுத்த நிமிடம் பெட்டி வாயைப் பிளந்து கிடக்கும். மூன்று ஷாம்பு பாட்டில், போன பயணத்தில் வைத்து எடுக்கவே எடுக்காத துண்டு, குடை, குடை கிழிந்தால் இருக்கட்டும் என்று இன்னொரு குடை என்று ஒவ்வொன்றாக சோபாவுக்கு வரும். கடைசியில் அதே பெட்டியை எட்டு கிலோவில் கட்டிக் கையில் கொடுப்பார். போன இடத்தில் எனக்கு எதுவும் குறையவும் குறையாது. அதுதான் இன்னும் எரிச்சல்.

என் அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன். எதிரே லாரி வரும்போது கண்ணை மூடிக்கொள்ளும் ஆட்களின் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டை முணுமுணுப்பவன். அவனே அந்தத் தராசைக் கண்டால் பையைப் பின்னால் ஒளித்துக்கொள்வான்.

அண்ணியின் உத்தியோகமும் ஏறக்குறைய இதுதான். டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனி. முதலாளியையும் சேர்த்து ஆறு பேர். மாடிப்படி ஏறும்போதே ரப்பர் வாசனை தலைக்கு ஏறிவிடும். அங்கே அண்ணி என்ன செய்கிறார் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். பெரிய பெரிய வார்த்தையாக வரும் என்று பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"வீடு மாறும்போது கட்டிலை அப்படியே தூக்கிட்டுப் போக முடியுமா? கழட்டி, நட்டு போல்ட்டை ஒரு பையில போட்டு, கட்டி அனுப்புறோம். அங்க போனதும் மாட்டிக்கிறோம். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற விஷயமும் அப்படித்தான். ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பணும்னா கழட்டி வரிசையா அடுக்கி மூட்டை கட்டணும். சீரியலைஸ் பண்றதுன்னு சொல்லுவோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா கட்டின மூட்டையை யாரும் பிரிச்சுப் பாக்கறதே இல்லை. வெளியேர்ந்து பாத்தா வெறும் எண்ணா இருக்கும். உள்ள என்ன போகுது, எது எவ்வளவு எடைன்னு ஒருத்தருக்கும் தெரியாது. போய்ச் சேர்ந்துச்சா, சரின்னு விட்டுடறாங்க."

இதைச் சொல்லும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்ட மாதிரி ஒரு தவிப்பு.

அந்தத் தவிப்பில்தான் அவர் தானாகவே ஒரு கருவி எழுத ஆரம்பித்தார். கட்டிய மூட்டையை உள்ளே விட்டால், எந்தச் சாமான் எத்தனை இடத்தை அடைக்கிறது என்று கட்டம் கட்டமாகத் திரையில் வரைந்து காட்டும். பெரிய சாமானுக்குப் பெரிய கட்டம். அதற்குத் தராசு என்றே பெயர் வைத்தார், வேறென்ன வைப்பார். மூன்று வருடமாகக் காலை ஆறரை மணிக்கு இஸ்திரிப் பலகையை இடுப்பு உயரத்துக்கு நிறுத்தி, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, நின்றுகொண்டே எழுதுவார். என் அண்ணன் மூன்று வருடமாகக் கசங்கிய சட்டையில் திரிவதற்கும் காரணம் அதுவே.

முதலாளியிடம் இரண்டு தடவை தராசைக் காட்டினார். நல்ல மனிதர்தான், வாய்தான் ஒரே பாட்டைப் பாடும். "நல்லாயிருக்கும்மா. அப்புறம் பாக்கலாம்." அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருடைய பெயரே அப்புறம் பாக்கலாம் என்று ஆகிவிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் மாட்டிக்கொண்டது நான்தான்.

நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். மலைச்சரிவில் ஒரு சுகாதார நிலையம், அதில் நாங்கள் பதினோரு பேர். காலை ஏழரைக்கு வந்து, அன்றைக்கு யார் யாரைப் பார்க்க வேண்டும், என்ன மருந்து, என்ன கட்டு என்ற பட்டியலை டேப்லெட்டில் இறக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்ப வேண்டும். அந்த ஆப்பை எங்களுக்குச் செய்துகொடுத்தது, வேறு யார், அண்ணியின் கம்பெனிதான். அவர்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் நாங்கள்.

பட்டியல் இறங்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். சரிவில் சிக்னல் ஜன்னலோரம் மட்டும்தான் கிடைக்கும். அதனால் பதினோரு பேரும் ஜன்னல் கம்பிக்கு வெளியே டேப்லெட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்போம். திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஆப்புக்கு நான் ஆமை என்று பெயர் வைத்தேன். பெயர் ஒரே வாரத்தில் நிலையம் முழுக்கப் பரவிவிட்டது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் பட்டியலில் முதல் ஆள் கடிகாரம் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா. கண் ஆபரேஷன் ஆனவர். எட்டு மணிக்குச் சொட்டு மருந்து. அவர் வீட்டுச் சுவரில் ஒன்பது கடிகாரம், ஒன்பதும் சரியாக ஓடும். ஒரு கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணால் அவற்றைப் பார்த்துவிட்டு, "எட்டு இருபத்திரெண்டு, நர்ஸம்மா" என்பார். திட்டவே மாட்டார். நேரத்தை மட்டும் சொல்வார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

அந்தக் கோபத்தையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அண்ணியின் தட்டில் கொட்டுவேன்.

"உங்க ஆமை இன்னைக்கும் இருபத்தஞ்சு நிமிஷம், அண்ணி."

"ஆபீஸ்ல நாலு செகண்டுல வருதே வாலு."

"அப்ப உங்க ஆபீஸ்லயே நோயாளியைக் கொண்டாந்து படுக்க வைங்க."

அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீர் ஜாடியை நகர்த்தி வைப்பான்.

கடைசியில் நானே ஒரு மனு எழுதினேன். இந்த டேப்லெட்டே வேண்டாம், பழையபடி காகிதத்தில் பட்டியல் கொடுங்கள் என்று. முதல் கையெழுத்து என்னுடையது, பெரியதாக. மேட்ரன் படித்துப் பார்த்து, வியாழக்கிழமை கம்பெனிக்காரர்களை வரச் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு முடிவு பண்ணிவிடலாம் என்றார். எங்களுக்கெல்லாம் ஒரே குஷி. அன்று சாயங்காலம் அண்ணன் போன் பண்ணினான்.

"அந்த மனு நீ எழுதினதா?"

"ஆமா."

"சரிதான். நீங்க போயிட்டீங்கன்னா டயர் கடை மாடியைப் பூட்ட வேண்டியதுதானாம். உங்க அண்ணி சொல்லலை. அவங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார்."

எழுதும்போது மேல்மாடியில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தோன்றவில்லை, அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டு அண்ணி என்பதும் தோன்றவில்லை. ஆமை மட்டும்தான் கண்ணில் இருந்தது.

அண்ணி என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேட்ரனிடம் நேரே போய் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்: ஒரு டேப்லெட்டின் காலை மூட்டையை எடை மட்டும் பார்க்கலாம், நோயாளியின் விவரம் எதையும் படிக்கக் கூடாது. அதற்கு ஏற்ற மாதிரியே தராசைத் திருத்தினார். சாமானின் பெயரும் எடையும் தெரியும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. சனிக்கிழமை வேலை முடிந்து என் டேப்லெட்டோடு நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பையை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு இஸ்திரிப் பலகை பக்கத்தில் நின்றேன்.

திரையில் கட்டங்கள் வந்தன. வந்தன என்றால், ஒரே மஞ்சள். திரை முழுக்க இருபத்து மூன்று மஞ்சள் கட்டம், சமையலறையில் டைல்ஸ் ஒட்டின மாதிரி. கீழே மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு பச்சைக் கீற்று.

"அந்தப் பச்சை என்ன அண்ணி?"

"அதுதான் உன் நோயாளிங்க. இருபத்து மூணு பேரும்."

"அப்ப இந்த மஞ்சள்?"

அண்ணி ஒரு கட்டத்தைத் தொட்டு உள்ளே போனார், அதற்குள்ளே, அதற்கும் உள்ளே. பிறகு கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"நான்தான். இந்த ஆப்பை ஆரம்பிச்சப்ப நானே எழுதினது. ஒவ்வொரு நோயாளியோடயும் அவங்க நர்ஸ் யாருன்னு இருக்கட்டும்னு வெச்சேன். நர்ஸோட அவங்க குழு. குழுவோட அதுல இருக்கிற பதினோரு நர்ஸும். ஒரு டம்ளர் எடுத்துட்டு வான்னா, டம்ளர் இருந்த அலமாரி, அலமாரி இருந்த சமையல்கட்டு எல்லாத்தையும் தூக்கிட்டு வந்திருக்கு. ஒரு தடவை இல்லை, இருபத்து மூணு டம்ளருக்கும் இருபத்து மூணு தடவை."

"நர்ஸுங்க பேரு அவ்வளவு எடையா?" என்று அண்ணன் கேட்டான்.

"பேரு இல்லை. படம். பத்துப் பேரோட படம் சின்னது, டேப்லெட்லயே எடுத்தது. ஒருத்தரோடது மட்டும் ஆறு எம்பி. எங்க ஆபீஸ்ல சோதனைக்குப் போட்டு வெச்ச நர்ஸுக்குப் படமே இல்லை, அதான் நாலு செகண்டு." அண்ணி குனிந்து பார்த்தார். "ஏழாம் நம்பர். ஏழு யாரு வாலு?"

ஏழு என் நம்பர்.

எங்களுக்கு டேப்லெட் கொடுத்த அன்று படிவத்தில் ஒரு படம் கேட்டார்கள். மற்ற பத்துப் பேரும் சுவரோரம் நின்று முகத்தை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, அந்தக் கேமராவில் யாரைப் பார்த்தாலும் காய்ச்சல்காரர் மாதிரி இருந்தது. அண்ணன் கல்யாணத்தில் போட்டோகிராபர் எடுத்து அனுப்பிய குடும்பப் படத்தைப் போட்டேன். நாற்பது பேர் இருக்கும் படம். ஆப்பில் சின்னதாக ஒரு வட்டம் வந்தது, என் முகத்தை இழுத்து அந்த வட்டத்துக்குள் வைத்தேன். அழகாக உட்கார்ந்தது. மிச்சம் முப்பத்தொன்பது பேரும் எங்கேயோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எங்கேயும் போகவில்லை. ஒரு வருடமாகத் தினமும் காலையில் பதினோரு டேப்லெட்டுக்கும், ஒவ்வொரு நோயாளியோடும், என் பெரியப்பா, சித்தி, அண்ணனின் நண்பர்கள், கேமரா வருவதற்குள் தூங்கிவிட்ட ஒரு குழந்தை என்று மொத்தக் கல்யாணமும் கிளம்பி வந்திருக்கிறது.

ஜன்னலோரம் பதினோரு பேரைக் கை வலிக்க நிற்கவைத்தது நான். ஆமை என்று பெயர் வைத்ததும் நான். மனுவில் முதல் கையெழுத்தும் நான்.

"தெரியலையே அண்ணி," என்றேன்.

சொல்லிக்கொண்டே இரண்டு எட்டு நகர்ந்து நாற்காலிக்கு முன்னால் நின்றேன். எங்கள் எல்லாருடைய பையிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும், உள்ளங்கை அகலத்துக்கு. அண்ணி என்னைப் பார்த்தார். "சரி, விடு," என்றார். "வியாழக்கிழமை வரைக்கும் யாரும் எதையும் மாத்த வேண்டாம். எல்லார் முன்னாடியும் காட்டறேன்."

அந்த நான்கு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படத்தை மாற்ற வேண்டும் என்றால் மேட்ரன் கையெழுத்து வேண்டும், கையெழுத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். கடிகாரத் தாத்தா "எட்டு இருபது" என்றபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேலி பண்ணியே பழகிய வாய்க்குக் கேலிக்கு ஆளாவது என்றால் என்ன பயம்!

வியாழக்கிழமை கூட்டம் நாங்கள் சாப்பிடும் அறையில் நடந்தது. சுவரில் திரை கட்டியிருந்தார்கள். அப்புறம் பாக்கலாம் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார், பாவம், வேர்த்துக் கொட்டியது. அவர் எழுந்து கம்பெனியின் லட்சியம் பற்றி ஆரம்பித்ததும் மேட்ரன் கையைக் காட்டி நிறுத்தினார். "முதல்ல அந்தம்மா பேசட்டும்."

அண்ணி தராசைத் திறந்தார். மஞ்சள் கட்டங்கள் சுவரை நிறைத்தன. டம்ளர், அலமாரி கதையை எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். சொல்லி முடித்ததும் மருந்து ஸ்டோரைப் பார்க்கும் அக்கா கத்தினார்.

"யாரு படம்மா அது? எந்த மகராசி?"

"அது தராசுல தெரியாதுக்கா," என்றார் அண்ணி. "படம் போட்டவங்க மேல தப்பு இல்லை. எவ்வளவு பெரிசு போட்டாலும் சின்னதாக்கி வாங்கிக்க வேண்டியது என் வேலை. எல்லாத்தோடயும் சேத்துக் கட்டினதும் நான்தான்."

நான் திரையைப் பார்த்தேன். சனிக்கிழமை '7' என்று இருந்த இடத்தில் இப்போது வெறும் சாம்பல் பட்டை. நம்பரை மறைத்திருந்தார். எதற்கு மறைக்க வேண்டும்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நாற்காலிக்கு முன்னால் நகர்வதற்கு முன்பே அவர் என் பையைப் பார்த்துவிட்டிருக்கிறார்.

மேட்ரன் பேனாவைக் கையில் எடுத்தார். முன்னால் என் மனு இருந்தது. "தப்பு உங்களோடதுன்னு ஒத்துக்கிட்டது நல்ல விஷயம். ஆனா ஒரு வருஷமா இது உங்களுக்கே தெரியலை. எங்க நோயாளிங்க விவரமெல்லாம் உங்க கையில இருக்கு. இனிமே எப்படி நம்பி விடறது, சொல்லுங்க?"

அண்ணி முதலாளியைப் பார்க்கவில்லை. இரண்டு தடவை காட்டினேன், அப்புறம் பாக்கலாம் என்றார் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இஸ்திரிப் பலகை முன்னால் மூன்று வருடமாக நின்ற மனுஷி, அங்கே நிற்கத் தெரியாமல் நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"ஏழாம் நம்பர் நான்தான்," என்று எழுந்துவிட்டேன்.

அறையே திரும்பியது.

"படம் என்னோடது. கல்யாணப் படம், நாற்பது பேர் இருக்காங்க. ஆமைன்னு பேர் வெச்சதும் நான், மனு எழுதினதும் நான். அண்ணி சனிக்கிழமையே கேட்டாங்க, தெரியாதுன்னு பொய் சொன்னேன். என் பை அவங்க கண்ணு முன்னாடி தொங்கிச்சு. தெரிஞ்சும் நாலு நாளா யார்கிட்டயும் சொல்லலை, இப்ப அவங்க வேலையே போகும்னு தெரிஞ்சும் சொல்லலை. அடுத்தவங்க விஷயத்தை இவங்களை நம்பி விடலாமான்னு கேக்கறீங்களே மேடம். இவங்களை விட்டா வேற யாரை நம்புவீங்க?"

ஸ்டோர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார், பொத்தியும் அடங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், அதற்குப் பக்கத்தில் இருந்தவர் என்று சிரிப்பு வரிசையாக வந்து என்னிடம் நின்றது. நானும் அசடு வழியச் சிரித்தேன். மேட்ரன் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

"அந்தப் படத்தைப் போடுங்க. பாப்போம்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் டேப்லெட்டில் இருந்தே படத்தைச் சுவரில் போட்டார்கள். என் அண்ணன், அவன் கல்யாணப் படத்திலேயே கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். அதைப் பார்த்ததும் மேட்ரனும் சிரித்துவிட்டார்.

"இவங்களைத்தான் தினம் ஜன்னல் வழியா இழுத்தீங்களா எல்லாரும்?" என்று கேட்டுவிட்டு, மனுவை நாலாக மடித்து என்னிடமே கொடுத்தார்.

அங்கேயே அண்ணி நர்ஸ்களை நோயாளிகளிடமிருந்து பிரித்துத் தனியாகக் கட்டினார், நோயாளியோடு நம்பர் மட்டும் போகிற மாதிரி. படம் பெரிதாக வந்தால் தானாகச் சின்னதாகிவிடும். ஜன்னலோரம் டேப்லெட்டை நீட்டினோம். மூன்று செகண்டு. ஸ்டோர் அக்கா நம்பாமல் இன்னொரு தடவை இறக்கிப் பார்த்தார். அதுவும் மூன்று செகண்டு. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தத் தராசை நம்ம எல்லா வேலைக்கும் போட்டுப் பாக்கணும்மா," என்றார்.

"எப்ப சார்?" என்றார் அண்ணி.

"இன்னைக்கே," என்றார்.

மறுநாள் காலையில் எங்களுக்குத்தான் கஷ்டம். டீ பாதி குடிப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது, நின்று பேச ஒரு சாக்கும் இல்லை. நான் போய்க் கதவைத் தட்டியபோது கடிகாரத் தாத்தா இன்னும் சட்டை போடவில்லை. சுவரைப் பார்த்தார், ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏழு ஐம்பத்தெட்டு," என்றார். "எல்லாம் ஒண்ணா கெட்டுப் போச்சா?"

"இல்லை தாத்தா, எல்லாம் சரியாத்தான் ஓடுது. தலையைச் சாய்ங்க," என்று சொட்டு மருந்தை விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் புதுப் படத்தோடு போனேன். தானாகச் சின்னதாகும் என்றாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அதே கல்யாணப் படத்திலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்திருந்தேன். அண்ணி இஸ்திரிப் பலகையில் அதை வைத்து எடை பார்த்தார்.

"பரவாயில்லை, நாற்பது கேபி. ஆனா இந்த ஓரத்துல பாரு, தோள்மேல யாரோ கை. இதையும் வெட்டிட்டா முப்பதுக்கு வந்துடும்."

படத்தில் என் தோள்மேல் நாலு விரல் தெரிந்தது. கல்யாணத்தன்று கூட்டத்தில் ஓரமாக ஒதுங்கி நின்ற என்னை, இங்க வா என்று இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, தோளில் கையைப் போட்டுக்கொண்ட புதுப் பெண்ணின் கை அது. அன்றைக்குத்தான் அவருக்கு என் பெயரே தெரியும்.

"யாரு கைன்னு தெரியலையா அண்ணி?"

குனிந்து பார்த்தார். தன் கையை ஒரு தடவை பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பத்து கேபி கூடும்," என்றார்.

"கூடட்டும்," என்றேன்.